அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும்

"உங்கள் விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியூட்டும் படம்."

நல்லமுத்து கைபேசியைத் தூரப் பிடித்து, இரண்டாம் தடவையும் சத்தமாக வாசித்தார். வாசித்திருக்கக் கூடாது. கடையின் பின்னால் போத்தல்களுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி சுதர்ஷினி தலையை நிமிர்த்தினாள்.

"எதுங்க அதிர்ச்சி?"

"படம்."

"படத்துல என் காலுதானே இருக்கு?"

"காலு மட்டும் இல்ல சுதா. கால்ல அட்டை கடிச்சிருக்கில்ல, ரத்தம் வழியுதில்ல, அதச் சொல்றாங்க."

"அதுல அப்படி ஒன்னும் எழுதலையே" என்றாள் சுதர்ஷினி.

பொகவந்தலாவை பஜாரில் இருபது வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர் நல்லமுத்து. மழை பிடித்தால் அந்தப் பக்கத்துத் தேயிலை மலையெல்லாம் அட்டை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் மாலையில் காலிலிருந்து அதைப் பிய்த்துப் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். சுதர்ஷினி வேப்பெண்ணெய், கற்பூரம், புருஷனிடம்கூடச் சொல்லாத இன்னும் இரண்டு சாமான் சேர்த்து ஓர் எண்ணெய் காய்ச்சினாள். காலில் தடவினால் அரை நாளைக்கு அட்டை கிட்ட வராது. தடவிப் பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல பெயர் சொன்னார்கள்.

"பத்துப் போத்தல் போட்டுப் பார்ப்போம்" என்றாள் அவள்.

"என்ன பத்து? நாடு பூரா விக்கலாம். இன்டர்நெட்ல வெளம்பரம் போட்டா சனம் வந்து குவியும்" என்றார் அவர்.

'சுதர்ஷினி அட்டை எண்ணெய்' என்று லேபல் அடித்து, நூற்றிருபது போத்தல் போட்டார்கள். அவை கடையின் பின்னறையை நிறைத்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, பருப்பு மூட்டை வரைக்கும் வந்துவிட்டன. எண்ணெய் வாசம் அதற்கும் அப்பால் போயிற்று. முந்தின நாள்தான் ஒரு அம்மா சீனிப் பையைத் திருப்பிக் கொண்டுவந்து, "மொதலாளி, தேத்தண்ணி குடிச்சா கசாயம் குடிச்ச மாதிரி இருக்குங்க" என்று வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே விளம்பரம் உடனே போயாக வேண்டும்.

நல்லமுத்து பக்கத்துக் கடை சதீஸ்குமாரைக் கூப்பிட்டார். போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம் எல்லாம் ஒரே அறைக்குள் செய்கிற கொமினிகேஷன் அவனுடையது. கம்ப்யூட்டர் விஷயத்தில் பஜாருக்கே அவன்தான் டாக்டர்.

"ரத்தம் இருந்தாத்தான் பிரச்சினைண்ணே. காலக் கழுவிட்டு, பக்கத்துல போத்தல வச்சு எடுப்போம்" என்றான் அவன்.

சுதர்ஷினி முணுமுணுத்துக்கொண்டே காலைக் கழுவி, பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்தாள். படம் அழகாக வந்தது. மறுநாள் காலை பதிலும் வந்தது.

"உங்கள் விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: ஆபாசம்."

இந்தத் தடவை நல்லமுத்து சத்தமாக வாசிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த சுதர்ஷினி கைபேசியைப் பிடுங்கி வாசித்துவிட்டாள். பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"நேத்து அதிர்ச்சின்னாங்க. இன்னைக்கு இப்படிச் சொல்றாங்க. ரெண்டுல எதுன்னு மொதல்ல முடிவு பண்ணச் சொல்லுங்க. இனிமே என் காலு எந்த வெளம்பரத்துக்கும் வராது."

"படமே வேணாம்ண்ணே. எழுத்து மட்டும் போடுவோம்" என்றான் சதீஸ்குமார்.

நல்லமுத்து கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்: 'அட்டைத் தொல்லையா? எங்களிடம் வாருங்கள். இனி உங்கள் மேல் ஓர் அட்டைகூட மிஞ்சாது!'

புதன்கிழமை பதில் வந்தது.

"உங்கள் விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. மக்களிடமிருந்து அட்டைகளை அகற்றுவது எங்கள் கொள்கைக்கு எதிரானது. உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது."

மூவரும் அதை மாறி மாறி வாசித்தார்கள்.

"அகற்றக் கூடாதாமா? அப்ப கடிச்சுக்கிட்டே இருக்கட்டுங்கிறானா?" என்றார் நல்லமுத்து.

சதீஸ்குமார் தாடையைச் சொறிந்தான். "வெளிநாட்டுக் கம்பெனி இல்லீங்களாண்ணே. அவங்களுக்கு நாயி, பூனை எல்லாம் புள்ள மாதிரி. அட்டையும் ஒரு உசிருதானேன்னு பார்க்கிறாங்க போல."

"அவங்கள ஒரு மழை நாளு மலைக்குக் கொழுந்தெடுக்க வரச் சொல்லுங்க" என்றாள் சுதர்ஷினி.

முடக்கத்தை நீக்கச் சொல்லி சதீஸ்குமார் பணிவாக ஒரு விண்ணப்பம் போட்டான். வியாழக்கிழமை காலை நீளமான பதில் வந்தது.

"உங்களை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறோம். உங்கள் அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து அனுப்பவும். அட்டை உங்களுடையதாக இருக்க வேண்டும். காலாவதியாகியிருக்கக் கூடாது. நான்கு மூலைகளும் தெரிய வேண்டும்."

நல்லமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"காலாவதின்னா?"

"செத்திருக்கக் கூடாதுன்னு சொல்றாங்கண்ணே" என்றான் சதீஸ்குமார். "நம்ம அட்டைய உசிரோட வச்சிருக்கோமா, கொடும பண்றோமான்னு பார்க்கத்தான்."

"மூலை எங்கடா இருக்கு அதுக்கு?"

"ஒரு வெள்ளத்தாள்ல வச்சு எடுப்போம். தாளுக்கு நாலு மூலை இருக்கில்ல."

அதற்கு மேல் நல்லமுத்து யோசிக்கவில்லை. கடையைச் சுதர்ஷினியிடம் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து மலைக்கு ஏறினார்.

மூன்று நாளாக வெயில். வேண்டாத நாளில் காலெல்லாம் தொங்குகிற அட்டை, தேடிப் போன அன்று கண்ணிலேயே படவில்லை. ஓடைக்கரையில், நிழல் விழுந்த ஈரப் புல்லில் அரை மணி நேரம் வெறுங்காலோடு நின்றார். மூன்று அட்டைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவரை நோக்கி வளைந்து வளைந்து வந்தன. ஒரு சாணுக்கு முன்னால் நின்று, திரும்பி வேறு பக்கம் போய்விட்டன. ஒரு வாரமாக அந்த எண்ணெய்க்கு மத்தியிலேயே தூங்கி எழுந்தவர் அவர். ஓடைத் தண்ணீரில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் பிரயோசனமில்லை.

"பாருங்கடி, மொதலாளி எதுக்கோ நேத்திக்கடன் வச்சிருக்காரு" என்றாள் மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

கொழுந்து பறிப்பதை மேற்பார்வை பார்க்க வந்த தோட்டத்துக் கண்டாக்கையா மாயாண்டி அவரைக் கண்டு நின்றார்.

"என்ன நல்லமுத்து, மலைக்குள்ள நின்னு என்ன பண்றீங்க?"

"அட்டை கடிக்கக் காத்திருக்கேனுங்க ஐயா."

கண்டாக்கையா அவரை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் நல்லமுத்து, "ஐயா, அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு அவர் காலடியில் விழுந்தார்.

கண்டாக்கையாவின் நீளக் காலுறைக்கு மேல், முழங்காலுக்குக் கீழே, கொழுத்த அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நல்லமுத்து அதை ஒரு நோவும் வராமல் கழற்றி நெருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடினார். கண்டாக்கையாவுக்கு இரண்டு தடவை கும்பிடு போட்டுவிட்டுக் கீழே ஓடினார். இந்த இருபது வருடத்தில் தன் உடம்பை இவ்வளவு அக்கறையாகப் பார்த்த ஆள் கிடையாது என்று கண்டாக்கையா அன்று மாலை கிளப்பில் சொன்னாராம்.

கொமினிகேஷனில் இன்னொரு சிக்கல்.

"முன்பக்கம் எதுண்ணே?"

"கடிக்கிற பக்கம்."

"ரெண்டு பக்கமும் ஒட்டுதே."

ஒருவழியாக ஒரு பக்கத்தை முன்பக்கம் என்று தீர்மானித்துப் படமெடுத்தார்கள். பிறகு ஈர்க்குச்சியால் புரட்டிப் பின்பக்கம். அது வளையாமல் கிடந்த ஒரே நொடியில் சதீஸ்குமார் அமுக்கிவிட்டான். நல்லமுத்துவுக்கு மனது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அட்டை உங்களுடையதா இருக்கணும்னு போட்டிருக்கே தம்பி. இது கண்டாக்கையாவோடது."

"அதுல பேரா எழுதியிருக்கு? அனுப்புங்கண்ணே."

அனுப்பினார்கள். இரண்டே நிமிடத்தில் கைபேசி டிங் என்றது.

"நன்றி. உங்கள் அடையாளம் உறுதிப்படுத்தப்பட்டது."

நல்லமுத்து சதீஸ்குமாரைக் கட்டிப்பிடித்தார். சுதர்ஷினிக்குக் குரல் கொடுத்தார். மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் வந்தது. கசந்தாலும் குடித்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஏதோ பத்திரம் கொப்பி எடுக்க செந்தூரன் மாஸ்டர் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துப் பாடசாலையில் பத்து வருடமாகப் படிப்பிக்கிறார். நடந்ததை எல்லாம் நல்லமுத்து பெருமையோடு சொல்லிக் கைபேசியைக் காட்டினார். மாஸ்டர் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடி வாசித்தார்.

"நல்லமுத்து, நீங்கள் எதை அனுப்பினனீங்கள்?"

"அட்டையத்தாங்க மாஸ்டர்."

"கடவுளே! அவங்கள் கேட்டது அடையாள அட்டையப்பா! உங்கட படம் போட்ட அட்டை!"

நெருப்புப் பெட்டி மேசைமேல் லேசாக அசைந்தது.

"நாங்க அத ஐடென்டின்னுதானுங்களே சொல்லுவோம்" என்றார் நல்லமுத்து பலவீனமாக.

"அந்த விளம்பரத்தையும் அவங்கள் அப்படித்தான் விளங்கியிருக்கிறாங்கள். சனத்தின்ர அடையாள அட்டையை நீங்கள் பறிக்கப் போறீங்கள் எண்டு."

நல்லமுத்துவுக்கு வியர்த்தது. அந்தக் கம்பெனியின் புத்தகத்தில் நல்லமுத்து என்ற பெயருக்கு நேராக இப்போது ஓர் அட்டையின் படம் இருக்கிறது. இது போலி ஆவணக் கேஸ் அல்லவா? பொலிஸ் வந்தால் எந்த மொழியில் என்னவென்று சொல்வது? அன்று பகல் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சதீஸ்குமார் பேசாமல் விடச் சொன்னான். அவர் கேட்கவில்லை. உண்மையான அடையாள அட்டையை எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் படம்பிடித்து, 'தவறுக்கு மன்னிக்கவும், நான்தான் நல்லமுத்து' என்று எழுதி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது.

"நீங்கள் அனுப்பிய முகம், ஏற்கனவே உறுதிப்படுத்தப்பட்ட நபரின் தோற்றத்துடன் பொருந்தவில்லை. பிறரின் கணக்கைப் பயன்படுத்த முயன்றதால், இக்கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது."

சுதர்ஷினி வாசித்தாள். திட்டுவாள் என்று அவர் தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து நிமிர்ந்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள்.

"பொருந்தலையாமே! அத விட நீங்க கொஞ்சம் நல்லாத்தானே இருக்கீங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்க்காமல் வியாபாரத்தைக் கவனித்தார். மாலையில் நெருப்புப் பெட்டியை எடுத்துப் போய் ஓடைக்கரையில் திறந்துவிட்டார். ஆனால் போத்தல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எண்ணெய் வாசமும் இருந்தது. திங்கட்கிழமை இன்னும் இரண்டு பேர் பருப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சுதர்ஷினி சிரிப்பதை நிறுத்திவிட்டு, லேபலில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, கொழும்பு பஸ் ஒன்று பஜாரில் வந்து நின்றது. சுற்றுலா பஸ். தொப்பியும் சப்பாத்துமாக இளைஞர்களும் பெண்களும் இறங்கிக் கூட்டமாக நின்றார்கள். அவர்களில் ஒரு பெண் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்து, நல்லமுத்துவின் கடை முன்னால் நின்றாள்.

"மொதலாளி, சுதர்ஷினி அட்டை எண்ணெ இங்கதானே?"

நல்லமுத்து கையிலிருந்த பருப்பு அளக்கும் சுண்டைத் தவறவிட்டார்.

"இங்கதாங்க. எத்தன போத்தலு?"

"நாங்க அறுபது பேரு, எல்லாம் ஒரே ஆபீஸ். ரெண்டு நாளு மலையேறப் போறோம். ஆளுக்கு ரெண்டுன்னா இருக்குமா?"

உள்ளேயிருந்து சுதர்ஷினி ஓடி வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து, பருப்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து, சாமிப் படத்துக்குக் கீழேயிருந்து போத்தல்கள் வெளியே வந்தன. ஆளாளுக்குக் கைமாற்றி பஸ்ஸில் ஏற்றினார்கள். கடைசிப் போத்தல் போனதும் சுதர்ஷினி வெறும் அறையைத் திரும்பிப் பார்த்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும் புள்ள. பேரு என்ன?"

"கௌசிங்க. சொந்த ஊரு ஹட்டன் பக்கம். எங்கம்மாவும் கொழுந்தெடுத்தவங்க. அதான் இந்த எண்ணெயப் பத்தி வாசிச்சதும் ஆபீஸ்ல எல்லாருக்கும் சொன்னேன்."

நல்லமுத்து நெற்றியைச் சுருக்கினார்.

"எங்க வாசிச்சீங்க?"

"உங்க வெளம்பரத்துலதான்."

"அது எப்படிங்க? நான் போட்ட வெளம்பரம் ஒன்னுகூட வெளிய வரவே இல்லையே. ஒருத்தர் கண்ணுலயும் படலையே!"

கௌசி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல்களில் இருந்தவர்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் ஒரு எட்டு பின்னால் வைத்து, மெல்லச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி, ஒவ்வொன்னையும் வாசிச்சு நிராகரிச்சது எங்க ஆபீஸ்தாங்க."