கடைசிப் பக்கம் இல்லாத பதினான்கு கதைகள்

மூங்கில்துறைப்பட்டு,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மருமகன் ஆல்பின் அவர்களுக்கு, மாமனார் சவரியப்பன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் தங்கள் அத்தை பாக்கியமும் சுகம். அறுவை சிகிச்சை செய்த வலது முழங்கால் மட்டும் இன்னும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. அங்கே தாங்களும் ஜூலியாவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. இரண்டு மாதம் பஸ் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புத்தகம் வாங்க வழியில்லை, போனாலும் புதுப் புத்தக விலைக்கு என் பென்ஷன் தாங்காது என்று நான் புலம்பியதைக் கேட்டு, தாங்கள் பழைய புத்தக வியாபாரி ஒருவரின் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தீர்கள். கிலோ கணக்கில் வீட்டுக்கே அனுப்புவார் என்றீர்கள். முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிக்கு எடை போட்டவன் நான், சந்தோஷமாகப் பத்து கிலோ கதைப் புத்தகம் கேட்டேன். வந்த மூட்டையில் பாதி நர்சிங் பரீட்சை கைடு. போன் போட்டால், எடைக்குத்தான் தான் பொறுப்பு, உள்ளே இருக்கிற விஷயத்துக்கு இல்லை என்றார் வியாபாரி. கரும்பின் இனிப்பைப் பற்றி நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன் என்பதால் விட்டுவிட்டேன்.

மீதிப் பாதி பதினான்கு துப்பறியும் நாவல்கள். முதல் நாவலை மூன்றே நாளில் முடித்தேன், அதாவது முடிக்கப் போனேன், கொலைகாரனின் முகமூடியில் கை வைக்கிற இடத்தில் கடைசிப் பக்கத்தைப் பிளேடால் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். மற்ற பதின்மூன்றையும் புரட்டினேன், எல்லாவற்றிலும் அதே கதை, அதாவது அதே நறுக்கு. முதல் பக்கத்தில் தெய்வசிகாமணி, ஓய்வு பெற்ற தபால்காரர், கரியாலூர் என்று பேரும் போன் நம்பரும் எழுதியிருந்ததால், கொலைகாரன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று போன் செய்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"கறையான் அரிச்சிடுச்சி, கொளுத்திட்டேன்னு இல்ல சொன்ன," என்றார் அந்த மனுஷர், என்னிடம் இல்லை, வீட்டுக்குள் திரும்பி. அவர் சம்சாரம் பச்சையம்மாள் அவருக்குத் தெரியாமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, கறையான் மேல் பழி போட்டிருக்கிறார். போனை வைக்காமலே சண்டை ஆரம்பித்துவிட்டது. நான்தான் கட் செய்தேன். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராத்திரியே திரும்பக் கூப்பிட்டு விலாசம் கேட்டவர், மறுநாள் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆளே வந்துவிட்டார். பதினான்கையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பாக்கியம் காப்பி கொடுத்த பிறகு, ஏங்க கடைசிப் பக்கத்தை அறுத்தீங்க என்று கேட்டேன்.

"என் வூட்டுக்காரி கடைசிப் பக்கத்ததான் மொதல்ல படிப்பா. படிச்சிட்டு சும்மா இருக்க மாட்டா. நான் பாதி படிச்சிக்கினு இருக்கும்போது பேரச் சொல்லிடுவா. அதான் அறுத்துப் பொட்டில பூட்டி வச்சிட்டேன்."

கொலைகாரன் யார் என்று கேட்டேன். படித்துப் பல வருஷம் ஆகிறது, ஞாபகம் இல்லை என்றார், பெட்டிச் சாவியும் எங்கேயோ தொலைந்துவிட்டதாம். காசு கொடுத்தவன் நான், பறிகொடுத்தவர் அவர். மனசு கேட்கவில்லை, பதினான்கையும் அவரிடமே கொடுத்து, நானே நொண்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன், மாப்பிள்ளை. மறைத்து என்ன ஆகப்போகிறது, கண் கலங்கிவிட்டது.

ஆகவே தாங்கள் அந்த நம்பரை என் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும். இனி இந்த வீட்டில் கதைப் புத்தகம் கிடையாது. ஜெபமாலை சொல்லிப் பொழுதைப் போக்கிக்கொள்வேன். ஜூலியாவுக்கு எங்கள் முத்தம். தங்கள் இருவர் தலைமேலும் எங்கள் ஆசீர்வாதம் என்றும் இருக்கும்.

இப்படிக்கு,
சவரியப்பன்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் திங்கள் ஆகிவிட்டது. மேலே எழுதியது எதுவும் இப்போது செல்லாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பதினான்கும் திரும்பி வந்துவிட்டன, கூடவே நான் பார்த்திராத இன்னும் இரண்டு மூட்டை. பச்சையம்மாள்தான் ஏற்றிவிட்டிருக்கிறார். வீட்டில் கால் நீட்ட இடமில்லை, தன் வீட்டுக்காரருக்குப் படிக்கணும்னா அங்க வந்து படிக்கட்டும் என்று பாக்கியத்துக்குப் போன் செய்து சொன்னாராம். அதோடு நிற்காமல், பெட்டியில் பூட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தவர், பதினான்கு கொலைகாரன் பேரையும் வரிசையாகப் பாக்கியத்திடம் சொல்லிவிட்டார். நான் வாய் திறந்தால் பாக்கியம், "சொல்லட்டா?" என்கிறாள். நான்கு நாளாக இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.