கடைசிக்கு முந்தின இடம்

"ஓடுங்க, நான் வேணாங்கல. ஆனா கடைசியா மட்டும் வந்து நிக்காதீங்க."

"ஐம்பது கிலோமீட்டர்மா. முழுக்க காட்டுப் பாதை. முடிச்சாலே பெரிய விஷயம்."

"தாராளமா முடிங்க. உங்களுக்குப் பின்னாடி ஒரே ஒருத்தராவது வரணும், அவ்வளவுதான். நம்ம கல்யாணத்துக்கே நீங்கதான் கடைசியா வந்தீங்க."

"லிஃப்டுக்குள்ள ஒரு குடும்பமே மாட்டிக்கிச்சு. விட்டுட்டு வர முடியுமா?"

"அதைத்தான் என் தம்பி இன்னிக்கு வரைக்கும் சாப்பாட்டு மேஜைல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். போன வருஷம் இதே பந்தயத்துல ஓடி மெடல் வாங்கினதிலிருந்து அவனைப் பிடிக்கவே முடியல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் வாயை அடைச்சுக் காட்டுங்க."

மூன்று மாதத்துக்கு முன் சமையலறையில் நடந்த இந்தப் பேச்சு, பத்தொன்பதாவது கிலோமீட்டரில் வேர் தடுக்கிக் குப்புற விழுந்து, நெற்றியில் ஒட்டிய இலையோடு எழுந்து உட்கார்ந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் காதில் கணீரென்று கேட்டது.

இருபது வருடமாக, மற்றவர்கள் படி ஏறாமல் இருப்பதற்காகவே உழைத்த மனிதர் அவர். அப்படிப்பட்டவரைப் பாறையும் வேரும் சறுக்கலுமாக இருக்கும் மலையில் ஏறச் சொன்னால் முழங்கால் சும்மா இருக்குமா? ஏழாவது கிலோமீட்டரிலேயே புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதற்குள் தாத்தா வயதில் ஒருவர், கைகோத்துக்கொண்டு ஒரு காதல் ஜோடி, போனில் யாருக்கோ வீட்டுச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே ஓடிய ஒரு பெண்மணி என்று எல்லோரும் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

காடு நிசப்தமாக இருந்தது. ஆக, தான்தான் கடைசி.

மச்சானின் சிரிப்பு இப்போதே காதில் விழுவதுபோல இருந்தது. அப்போதுதான் பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சு நிற மேல்சட்டையும் முதுகில் பெரிய பையுமாக ஒரு இளம்பெண் வந்துகொண்டிருந்தாள்.

பெற்ற பிள்ளையைக்கூட மெக்கானிக் அவ்வளவு பாசத்தோடு பார்த்ததில்லை.

"அடி பட்டுடுச்சாண்ணா?"

"இல்லம்மா, சும்மா காத்து வாங்க உக்காந்தேன்" என்று எழுந்து நடந்தார். உடம்பில் புது ரத்தம் பாய்ந்தது. கடைசிக்கு முந்தின இடம். மச்சான் என்ன பேசுவான் இனி?

சிறிது தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தார். அவளும் குறைத்தாள். ஷூ கயிற்றைக் கட்ட நின்றார். அவளும் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மெக்கானிக்குக் கொஞ்சம் உறைத்தது. இவள் தாண்டிப் போக முடியாமல் பின்னால் வரவில்லை, வேண்டுமென்றே வருகிறாள். கெட்டிக்கார ஓட்டக்காரர்கள் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் பாய்வார்களாம். போனில் படித்திருந்தார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

வந்துவிட்டது. வழி விடச் சொல்லப் போகிறாள். மெக்கானிக் காது கேட்காதவர்போல மேட்டில் ஓட்டம் பிடித்தார்.

நானூறு அடி ஓடியிருப்பார். கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொண்டு இழுத்தது. பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா" என்று முனகியபோது, துளிகூட மூச்சு வாங்காமல் அவள் வந்து நின்றாள். கையில் ஒரு பாட்டில்.

"உப்புத் தண்ணிண்ணா. குடிங்க, சரியாயிடும்."

போட்டியாளர் கொடுப்பதைக் குடிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு பாட்டிலைக் காலி செய்தார். கால் சரியானது. சந்தேகம் மட்டும் சரியாகவில்லை.

"முதல் தடவையாம்மா?" என்று நைசாக விசாரித்தார்.

"இல்லண்ணா, இது ஆறாவது வருஷம்."

"அப்ப போன வருஷமெல்லாம்?"

"எப்பவும் கடைசிலதாண்ணா வருவேன்."

மெக்கானிக் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு வருடமா? அவருக்கு ஒரு மச்சான்தான். இவளுக்கு எத்தனை பேரோ.

"மனசு கஷ்டமா இருக்காதாம்மா?"

"யாராவது ஒருத்தர் வந்துதானேண்ணா ஆகணும்."

என்ன பக்குவம் என்று வியந்தபடி நடந்தார். ஏன் கடைசியாக வருகிறாள் என்பதும் போகப் போகப் புரிந்தது. வழி காட்ட மரங்களில் கட்டியிருந்த ரிப்பன்களை ஒவ்வொன்றாக நின்று அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஞாபகத்துக்காம்மா? ஒண்ணு ரெண்டு போதாதா?"

"எல்லாத்தையும் எடுத்தாகணும்ணா."

சேகரிக்கும் பழக்கம். அவருடைய பெரியம்மாவுக்கு ஜாடி மூடிகள். பாவம், இதை விட்டால் இந்தப் பெண் எப்போதோ முன்னேறியிருப்பாள். சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால் முன்னேறிவிடுவாளே என்று விட்டுவிட்டார்.

முப்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தவர், மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: "இவருதானா?"

"இவருதான்" என்றாள் அவள்.

மெக்கானிக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்த ஊரிலும் நாலு லிஃப்ட் பார்த்திருக்கிறோமே, ஆள் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பாதை இரண்டாகப் பிரிந்தது. ரிப்பன் இடது பக்கம் வளைந்து ஏறியது. வலது பக்கம் ஒரு ஓடை, அதன் அக்கரையில் அதே பாதை தெரிந்தது. அவள் ரிப்பன் அவிழ்க்கும் நேரத்தில் குறுக்கே புகுந்துவிட்டால் கால் மணி நேரம் மிச்சம். பூனைபோல இறங்கினார்.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அதன் அடியில் இருந்த சேறு இடுப்பளவு.

முதலில் கால் புதைந்தது. காலை எடுக்கக் கையை ஊன்றினார், கை புதைந்தது. கையை எடுக்க உட்கார்ந்தார். அதன் பிறகு எடுக்க எதுவும் மிச்சமில்லை.

"அண்ணா, வழி இந்தப் பக்கம்" என்று மேலிருந்து குரல் கேட்டது.

அவள் இறங்கி வந்தாள். ஒரு கிளையை ஒடித்து நீட்டி, இழுத்து, தானும் ஒருமுறை விழுந்து, அவரைக் கரையேற்ற முக்கால் மணி நேரம் ஆனது. சேற்றில் தங்கிவிட்ட இடது ஷூவைத் தோள்வரை கையை விட்டுத் தேடி எடுத்துக் கழுவியும் கொடுத்தாள். முழங்கையில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தாள்.

"அண்ணா, கேக்கணும்னு நினைச்சேன்..."

"அப்புறம்மா, அப்புறம்" என்றார் மெக்கானிக். இந்த முறை தந்திரத்தால் அல்ல. அவள் முகத்தைப் பார்க்காமல் ஷூவை மாட்டினார்.

இந்தப் பெண் அவரை ஓடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு இடம் முன்னே வந்திருப்பாள். போகவில்லையே. அவரோ காலையிலிருந்து இவள் தோற்க வேண்டும், இவள் தோற்க வேண்டும் என்று பிரார்த்தித்துக்கொண்டு குறுக்கு வழியில் புகுந்தவர். வெட்கமாக இருந்தது. மீதிக் கிலோமீட்டர்களை ஈர ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட, அவர் நடந்து கடந்தார். நடக்க நடக்க ஒரு முடிவு உருவானது. மனைவி கோபித்துக்கொள்வாள். மச்சான் சிரிப்பான், ஆயுசுக்கும் சிரிப்பான். சிரிக்கட்டும்.

காடு முடிந்து மைதானம் தெரிந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். ஐந்து மணிக்குப் பிறகு கோட்டைத் தாண்டினால் கணக்கில் சேராது. நாற்காலிகளை அடுக்கி முடித்திருந்தார்கள். பதாகையின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து தொங்கியது. கோட்டுக்கு அப்பால் கடிகாரத்தோடு ஒரு அதிகாரி, பக்கத்தில் மனைவி, படம் எடுக்கத் தயாராகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி மச்சான்.

"வந்துட்டாருடா" என்று மனைவி துள்ளினாள். "பாத்தியா, அவருக்குப் பின்னாடி ஒரு பொண்ணு வருது. பாருடா நல்லா."

மெக்கானிக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றார். திரும்பி, கதவு பிடித்துக் கொடுப்பவர்போலக் கையை நீட்டினார்.

"நீங்க போங்கம்மா."

"ஐயோ, நீங்க போங்கண்ணா."

"இல்லம்மா, நீங்கதான்."

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி. "ஒரு அடி எடுத்து வைங்க. ஒரே ஒரு அடி."

"நீ சும்மா இரும்மா. இந்தப் பொண்ணு இல்லன்னா நான் இந்நேரம் ஓடைல பாதி தெரிஞ்சுட்டு இருப்பேன். ஆறு வருஷமா கடைசியா வருது. இன்னிக்கு வராது."

"மாமா, ஏழு நிமிஷம்தான் இருக்கு" என்றான் மச்சான். அவன் முகத்திலேயே சிரிப்பைக் காணோம்.

அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

"மாமா, மூணு நிமிஷம்."

"என்னங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி.

மெக்கானிக் அசையவில்லை. முகத்தில் காய்ந்த சேற்றுக்கு நடுவே அப்படி ஒரு அமைதி. "காலைலேர்ந்து என்கிட்ட ஒண்ணு கேக்கணும் கேக்கணும்னு இருந்தீங்களேம்மா. நான்தான் கேக்க விடல. வழி விடச் சொல்லித்தானே? விட்டாச்சு. வேற ஏதாவதுன்னாலும் இப்பக் கேளுங்க, கூச்சப்படாம."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, நான் பந்தயத்துலயே இல்ல, கடைசி ஆள் காட்டுல தொலைஞ்சிடாம பின்னாடியே வர்றதுதான் என் வேலை, பத்து மணிலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன், கொஞ்சம் சீக்கிரம் போறீங்களா, நான் வீட்டுக்குப் போகணும்."