பாஷாவின் ரோஷம்

செருப்புக்குள் இடது காலை விட்ட ஷவ்கி, விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தார். உள்ளே ஈரம். வாடையைப் பார்த்தால் தண்ணீர் இல்லை.

"தஹானி! இங்க வா!"

மனைவி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பூனை வேலைதாங்க இது."

"பாஷாவா? என் பாஷா இந்தக் காரியத்தைப் பண்ற ஆளே இல்ல!"

அலெக்சாண்ட்ரியாவில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஷவ்கி. மிடுக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருக்குச் செருப்பு போனது கவலை இல்லை. மாடி வீட்டு இக்லாஸ்தான் கவலை. படிக்கட்டுக்கு அடியில் பிறந்த இரண்டு செம்பட்டைக் குட்டிகளில் ஒன்றை இவர் எடுத்துக்கொண்டார், மற்றதை அவள். அவளுடைய மிஷ்மிஷ் மணல் தொட்டியைத் தவிர எல்லா இடத்திலும் அசிங்கம் பண்ணும். போன வெள்ளிக்கிழமைதான் அக்கம்பக்கத்தார் முன்னால் இவர் முழங்கியிருந்தார்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான். ஆனா வளர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? எந்தப் பூனையா இருந்தாலும் என்கிட்ட ஒரு வாரம் விடுங்க, வரிசையில நிக்க வெச்சுக் காட்டறேன்!"

இக்லாஸ் காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். இப்போது இந்தச் செருப்புக் கதை மாடிக்குப் போனால், அப்புறம் இவர் எந்த முகத்தோடு படி ஏறுவது?

"மணல் மட்டமா இருந்திருக்கும். அவனுக்குப் பிடிக்கல" என்று ரோஜா வாசனை போட்ட உயர்ந்த மணலாக வாங்கி வந்தார். பூனை முகர்ந்து பார்த்துத் தும்மியது. பிறகு குளியலறை விரிப்பில் ஒன்றுக்குப் போனது.

"எல்லாரும் பார்த்தா எப்படிப் போவான்? கூச்சம்!" மூடி போட்ட தொட்டி வந்தது. பூனை மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து, அங்கேயே காரியத்தை முடித்துக்கொண்டது.

"கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேங்குதே" என்றாள் தஹானி.

"அவமானம்! தலை நிமிர முடியல அவனால. என் பூனையாச்சே!"

"கழுத்துல இருந்த சிவப்புப் பட்டையைக்கூடக் காணோம்."

"ரோஷத்துல கழட்டி எறிஞ்சிருப்பான்."

தஹானி தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

கண்காணிப்பு இருந்தால் ஒழுங்கு தானாக வரும் என்பது ஷவ்கியின் பள்ளிக்கூட அனுபவம். விருந்தாளிகளுக்காக மட்டும் திறக்கிற வரவேற்பறையைத் திறந்தார். தங்க முலாம் நாற்காலி ஒன்றின் உறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, தொட்டியை எதிரே வைத்து, "ம், ஆகட்டும்!" என்று விரலை நீட்டினார். பூனை அவரைப் பார்த்தபடியே தாவி வந்து அவர் மடியை நனைத்தது. மிச்சம் நாற்காலிக்குப் போனது.

தஹானியின் சிரிப்பு அதோடு நின்றது. "என் கல்யாண நாற்காலிங்க அது! இன்னொரு தடவை ஆச்சு, இந்தப் பூனை தெருவுக்குத்தான் போகும். சொல்லிட்டேன்."

ஷவ்கி நாற்காலியை விட்டு எழுந்தார். பூனையைத் தூக்கி அணைத்துக்கொண்டார். "நீ எப்படி இருந்தவன்டா! உன்னை விட்டுக்கொடுப்பேனா?"

வாளியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் வெறும் மணலை அள்ளி வந்தார். தொட்டியில் இன்னும் ரோஜா வாடை அடித்தது. கையில் அகப்பட்டது தஹானி ரவை கேக் சுடுகிற பெரிய தட்டுதான். அதில் மணலைக் கொட்டி பால்கனி மூலையில் வைத்துவிட்டு, அதட்டாமல், விரல் நீட்டாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பின்னால் மணல் பறிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினார். அழகாகக் குழி பறித்து, போய், மூடியும் வைத்திருந்தது. மறுநாளும் அதே தட்டில், அதே ஒழுங்கோடு. ஷவ்கியின் கண் கலங்கிவிட்டது. கேக் தட்டு போனதைப் பற்றித் தஹானி என்ன கத்தினாள் என்பதே அவர் காதில் விழவில்லை. பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து, கட்டடமே அதிரக் கூப்பிட்டார்.

"இக்லாஸ்! கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க, வளர்ப்புன்னா என்னன்னு!"

இக்லாஸ் நிதானமாக இறங்கி வந்தாள். அவள் கையில் ஒரு செம்பட்டைப் பூனை. அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை.

"சொன்ன மாதிரியே ஒரே வாரத்துல திருத்திட்டீங்களே, ஹெட்மாஸ்டர்! என் மிஷ்மிஷைக் குடுங்க. இந்தாங்க உங்க பாஷா."