மாதவராஜின் கை

தெர்மாமீட்டர் நூற்றியொன்று என்றது. மாதவராஜின் கையோ, கனிமொழியின் நெற்றி சில்லென்று இருப்பதாகச் சொன்னது. இரண்டில் ஒன்று பொய். காரிமங்கலத்தில் மோட்டார் ரிப்பேர் செய்து பிழைப்பவன் எதை நம்புவான்? ஓடுகிற மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகுமா, தாங்குமா என்று சொல்லிவிடும் கை அது. அவன் குடும்பத்தில் அதிகம் படித்த உறுப்பு அதுதான்.

"உடம்பெல்லாம் வலிக்குதுங்க. ரெண்டாம் மாசத்துல காச்சல் வந்தா ஒடனே வரணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கெளம்புங்க," என்றாள் கனிமொழி.

"இல்லாத காச்சலுக்கு மாத்திரை தின்னா கொழந்தைக்கு ஆவுமா? மொதல்ல மீட்டரச் செக் பண்ணணும். அதுக்கு, கோளாறே இல்லாத எடத்துல வச்சுப் பாக்கணும்."

கோளாறே இல்லாத இடம் என்று அவனுக்குத் தெரிந்தது தன் அக்குள்தான். வைத்தான். நூற்றிமூன்று.

"பாத்தியா? கல்லாட்டம் நிக்கறேன், எனக்கே நூத்திமூணு காட்டுது."

பேட்டரியை மாற்றினான். அவளுக்கு நூற்றியொன்று, அவனுக்கு நூற்றிமூன்று. பக்கத்து வீட்டு சசிகலாவின் தெர்மாமீட்டரும் அதையே சொன்னது.

"அக்கா, உங்க மீட்டரும் போச்சு."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே. என்ன பண்ணித் தொலைச்ச? சரி, டீயக் குடி."

"சக்கரை போடலியா? கசக்குது."

"ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கறன். நாக்கையும் ரிப்பேருக்குக் குடு."

புதிதாக ஒன்று வாங்கப் பைக்கில் போனான். சித்திரை வெயிலில் பல் தந்தியடித்தது. மலைக்காற்று என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டான்.

புதியதும் அதே தப்பைச் செய்தது.

"மூணுலயும் ஒரே சிப்பு. அது எப்படி வேல செய்யுதுன்னா..."

கனிமொழி செருப்பை மாட்டினாள். "நான் ஆட்டோல போறன். நீங்க மீட்டருங்களோட குடும்பம் நடத்துங்க."

மூன்று தெர்மாமீட்டர்களோடு பின்னாலேயே ஓடினான்.

டாக்டர் பரிசோதித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் பார்த்தார். "கொழந்தை நல்லா இருக்குது. எழுதிக் குடுத்த மாத்திரைய மட்டும் போடுங்க. காச்சல ஏற வுடக்கூடாது. இதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம் பண்ணீங்க?"

கனிமொழி கணவனைப் பார்த்தாள். அவன் கையை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டான். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. நர்ஸ் வெண்மதியிடம் போனான்.

"சிஸ்டர், காச்சல் இருந்தும் நெத்தி ஏன் என் கைக்குச் சில்லுன்னு இருந்துச்சு? இந்த மீட்டருங்க எனக்கு ஏன் நூத்திமூணு காட்டுது?"

வெண்மதி அவன் மணிக்கட்டைத் தொட்டாள். ஆஸ்பத்திரி தெர்மாமீட்டரை அவன் அக்குளில் வைத்தாள். அது சத்தம் போட்டதும் எடுத்துப் பார்த்தாள்.

"மீட்டரு மூணும் சரிங்க, உங்களுக்குத்தான் அவங்கள வுட ரெண்டு டிகிரி காச்சல் ஜாஸ்தி. அந்தக் கட்டில்ல படுங்க."