வேல்விழியின் ஸ்கிரிப்ட் மூன்று கம்ப்யூட்டரில் ஓடிய விவரம்

உ
கௌமாரியம்மன் துணை

பழனிசெட்டிபட்டி,
மே 14

அன்புள்ள மைத்துனன் பொன்னுராஜுக்கு,

மச்சான் ராக்கப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா சந்தனம்மாளும் உன் மருமகள் வேல்விழியும் சுகம். மோட்டார் காயில் கட்டும் நம் கடையும் சுகம். பெங்களூரில் நீயும் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும், அங்கே டிராபிக்கும் கொஞ்சம் குறைய வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "மீட்டிங்ல இருக்கேன் மச்சான்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் மீட்டிங் வராது.

விஷயம் இதுதான். கம்பெனி பெங்களூருக்குக் கூப்பிட்டால் தங்க என்று வேல்விழிக்காக நீ சொல்லி வைத்திருக்கும் ஹாஸ்டல் ரூம் வேண்டாம். என் மகள் ஜெயித்துவிட்டாள், இனி வீட்டோடு இருந்தே வேலை பார்ப்பாள்.

பில்ட் ஸ்கிரிப்ட் என்றால் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சாப்ட்வேரின் நூற்றுக்கணக்கான துண்டுகளை வரிசையாக எடுத்துச் சேர்த்து, முழுசாக்கிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல் அது. வேல்விழி எழுதியது அவள் லேப்டாப்பில் மட்டும் அழகாக ஓடும். கம்பெனியில் வேறு யார் தொட்டாலும் படுத்துவிடும். போன வாரம் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள இது எந்த மெஷின்லயும் ஓடிருச்சுன்னா, என் விருப்பம்போல விட்டுர்றேன்னு சொல்லிட்டாகப்பா" என்றாள். விருப்பம் என்னவென்று நான் கேட்கவில்லை. பெற்றவனுக்குத் தெரியாதா?

"நெட்லயே சோதிச்சுப் பாத்துக்கலாம்ப்பா" என்றாள். நான் விடுவேனா? கிணற்றில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் ஒரு மோட்டாரையாவது நான் கொடுத்தது உண்டா? டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பம் போய், திராட்சை வியாபாரம் பண்ணும் நம்ம சதாமிடம் விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கி, முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பினால் வீரபாண்டியில் திருவிழாக் கூட்டம், அங்கே ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தி, "சவுண்ட் சர்வீஸா? அங்கன மேடைக்குப் பின்னாடி போங்க" என்று திருப்பிவிட, மேடைக்குப் போனால் இரண்டு பேர் பெட்டியை இறக்கி மைக் ஒயரைச் சொருக இடம் தேடுகிறார்கள், "ஏலே, இது என் மக ஆபீஸ் வேலைக்குடா" என்று நான் கத்தியது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்கிரிப்டை ஓட்டினால், படுத்துவிட்டது. ஏன் என்கிறாய்? சதாம் தன் கம்ப்யூட்டருக்குள் 'சதாம் கிரேப்ஸ் கம்பம்' என்று இடம்விட்டுப் பெயர் வைத்திருக்கிறான், நம் ஸ்கிரிப்ட் அதை மூன்று தனித்தனி ஆட்களாக நினைத்து, ஒவ்வொருவரையும் தேடிப் போய் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. வேல்விழி தலையில் அடித்துக்கொண்டு, பிறகு மூன்றும் சேர்ந்து ஒரே பெயர்தான் என்று புரியும்படி, பெயர் வரும் இடத்திலெல்லாம் மேற்கோள் குறி போட்டுச் சரிசெய்தாள்.

மறுநாள் உத்தமபாளையம். நம் வாடிக்கையாளர் சேக் பரீத் பாயின் மகள் ஷாஜியா கல்யாண அட்டை டிசைன் செய்வது மேக் கம்ப்யூட்டரில். பாய் அதைப் போர்வையில் சுற்றிக் கையில் கொடுத்து, "எங்க பிள்ளை மெஷின்லயும் ஓடுதான்னு மறக்காம சொல்லுங்கண்ணே" என்றார். அதிலும் ஓடவில்லை. ஒரு வரியை மாற்று என்றால் நம் லேப்டாப் பேசாமல் மாற்றிவிடுகிறது. அந்த மேக்கோ, பழைய பைலை என்ன பெயரில் எடுத்து வைக்கட்டும் என்று கேட்கிற ஜாதி. கட்டளை ஒன்றுதான், குணம்தான் வேறு. அன்று முழுக்க உட்கார்ந்து அதையும் சரிசெய்தாள். இடையில் காபி கொடுத்தது நான்தான்.

இப்போது ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு அனுப்பப் போகும் நேரம், அவள் சாப்பிட எழுந்தாள். இவ்வளவு பெரிய காரியம் வெறுமனே தொடங்கலாமா என்று மனசு கேட்கவில்லை. பைலின் உச்சியில் ஒரே ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். அவளும் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அரைமணியில் மேனேஜர் போன்: உங்கள் ஸ்கிரிப்ட் எங்கள் சர்வரில் 'உ' என்ற ஒரு கட்டளையைத் தேடுகிறது, அது என்ன புது டெக்னாலஜி?

"அப்பா, மொத வரியில என்னத்தப்பா எழுதுனீக?"

"ஆத்தா, எல்லாம் நல்லதுக்குத்தான்."

"இத எந்த புரோகிராம் ஓட்டணும்னு சொல்றதே அந்த மொத வரிதான்ப்பா! அதுக்கு மேல பிள்ளையாரே வந்தாலும் நிக்க முடியாது."

அழித்துவிட்டு மறுபடி அனுப்பினாள். மேனேஜர் மெஷின், இன்னொருவர் மேக், சர்வர், மூன்றிலும் ஓடிவிட்டது! அன்றைக்கு ஜெயமங்கலத்திலிருந்து எரிந்த மோட்டாரோடு வந்த விவசாயியால், இந்தக் கதை முழுக்கக் கேட்ட பிறகுதான் மோட்டாரை இறக்க முடிந்தது. எனக்கு அவ்வளவு பெருமை, பொன்னுராஜ். எவன் வீட்டு மெஷினாக இருந்தாலும் என் மகள் சொன்னால் கேட்கிறது.

ஆகவே ரூம்காரரிடம் சொல்லிவிடு. உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு; பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் படித்து முன்னுக்கு வர அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
மச்சான் ராக்கப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் வேல்விழி இதை வாங்கிப் படித்தாள். முதலில் சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. "நான் கேட்டது பெங்களூர்ப்பா. புது டீம்ல சேரணும்னு ஆசப்பட்டேன். அந்த ஸ்கிரிப்ட் என் லேப்டாப்புல மட்டும் ஓடுற வரைக்கும் பழைய வேலையிலருந்து என்னைய விடமாட்டோம்னாக. நீங்க அலைஞ்சதுனாலதான்ப்பா சீக்கிரம் முடிஞ்சிச்சு" என்றாள். ஒட்ட எடுத்த கவரைக் கீழே வைத்தேன். பிறகு, நல்லதுதான் ஆத்தா என்றேன். மேலே எழுதியதில் பெருமைப்பட்டதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை அடித்துவிடு. ரூமை விட்டுவிடாதே. வரும் ஞாயிறு பஸ் ஏற்றிவிடுகிறேன். உன் அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. நான் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து நீயே போன் போட்டுச் சொல்லிவிடு. நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன்.