வெள்ளிக்கிழமை குக்கர் விசில்

அன்புள்ள புஷ்பமேரி அக்காவுக்கு, திண்டுக்கல்லிலிருந்து தம்பி பிராங்கிளின் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா தயவில் நான் நலம். உன் நலத்தைக் கேட்கலாமென்றால் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழிக்காமல் கடைசிவரை படிக்கவும்.

உன் முழங்கால் வலி தீர, இந்தத் தவக்காலம் முழுக்கக் கவிச்சி தொடுவதில்லை என்று நான் நேர்ந்துகொண்டது உண்மை. குறைந்திருந்த வலி மறுபடி பிடித்துக்கொண்டதும் உண்மை. ஆனால் நான் கறி தின்றதால்தான் பிடித்தது என்று என் பக்கத்து வீட்டு கிளாரா டீச்சர் சொன்னதை நம்பி, ஈஸ்டருக்கு உன் வாசப்படி மிதிக்கக் கூடாதென்று சொல்லியனுப்பினாயே, அது அநியாயம்.

நடந்தது இதுதான். நான் தனிக்கட்டை. தெருப்பூனைகள் ராத்திரிக்கு என் வீட்டில்தான் சாப்பிடுகின்றன. நேர்ந்துகொண்டது நான், பூனைகள் இல்லையே. அதனால் பேகம்பூரில் அப்துல் வாஹித் பாய் கடையில் கழித்துப் போடுகிற கறியை வாங்கி வருவேன். அவருக்கு ரம்ஜான் நோன்பு, எனக்குத் தவக்காலம். எச்சில் விழுங்கிக்கொண்டு அவர் வெட்டுவார், எச்சில் விழுங்கிக்கொண்டு நான் வாங்குவேன். "நம்ம ரெண்டு பேரு சவாபும் இதுகளுக்குத்தான் போவுது அண்ணே" என்பார். புண்ணியத்தைத்தான் சவாபு என்கிறார். மேஸ்திரி என்று ஒரு கிழட்டுப் பூனை, அதற்குப் பல்லே கிடையாது, அதற்காகவே கறியைக் குக்கரில் குழைய வேகவைக்க வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை, தெருவிலுள்ள நம்ம சபைக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தின் ஜெபக்கூட்டம் என் வீட்டில். கிளாரா டீச்சர்தான் தலைவி. "நமக்குள்ள பலவீனமான சகோதரர் ஒருத்தருக்காக ஜெபிப்போம்" என்றாள். எவனோ குடிகாரப்பயல் போல என்று நானும் உருகி உருகி ஜெபித்தேன் அக்கா, ஆமென் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னதே நான்தான். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. கறி வாசம் வீடெல்லாம். ஒருத்தர் விடாமல் என்னையே திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் நேரே அடுப்படிக்குப் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, இம்புட்டுக் கறியா?"

"பூனைக்கு டீச்சர்."

"பூனைக்கு எவனாச்சும் மஞ்சத்தூள் போட்டு வேகவைப்பானா?"

"அதுக்குச் சளி டீச்சர்."

விசில் கேட்டால் வந்துவிடுகிற என் சாட்சிகள் அதற்குள் வரிசையாக வந்து ஜெபக்கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தன. மேஸ்திரி டீச்சர் மடியிலேயே ஏறிவிட்டது. அப்புறமும் அவள், "தின்னுப்புட்டுப் பழியைப் போடுறதுக்குன்னே வளக்குறாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். உன் வலிக்காக வாயைக் கட்டிக்கொண்டு, நாள் தவறாமல் கறி வாசத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் போய் இப்படிச் சொன்னால் மனசு வலிக்காதா? எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான் அக்கா. ஈஸ்டருக்கு உன் கையால் சாப்பிடாமல் நான் எங்கே போவேன்?

அத்தானையும் சாணார்பட்டிச் சொந்தங்களையும் விசாரித்ததாகச் சொல்லவும். சூசையப்பர் உன் காலுக்குப் பெலன் தரட்டும்.

இப்படிக்கு,
பழி சுமக்கும் தம்பி,
பிராங்கிளின்

பின்குறிப்பு: மேஸ்திரிக்குப் பல் இல்லை என்றேன் அல்லவா. கறி வெந்துருச்சான்னு நசுக்கிப் பார்த்தால் சரியாகத் தெரியவில்லை. அதனால் அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்தேன். துப்பத்தான் போனேன், அதுக்குள்ள இறங்கிருச்சு. உனக்கு வலி திரும்ப வந்தது எந்தக் கிழமை? செவ்வாய் என்றால் டீச்சரிடம் மட்டும் சொல்லிவிடாதே.