வல்லரசு சாரும் ஒரே ஒரு ஃபேனும்

எழுபதுகளின் கடைசியில் உலகத்தை நடத்தத் தெரிந்தவர் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் வல்லரசு சார். வெளிநாடென்று அவர் போனது எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹாட்யாய் வரைக்கும்தான். அங்கேயும் வயிறு கெட்டு மறுநாளே திரும்பிவிட்டார். மாடியில் அவர் உலகப் பாதுகாப்பைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோதே கீழே அவருடைய சைக்கிள் திருடு போனது. இரண்டு தடவை.

டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் ஆறாம் படிவப் பரீட்சையின் பொதுத்தாளுக்கு, அதாவது உலக நடப்புக்கு, ட்யூஷன் எடுத்தார். நான் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டவள். "இதுவும் போச்சுன்னா ஃபேக்டரிக்குத்தான் போவணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றேன்.

"எங்க சார் உட்காரணும்?"

"நீ மலேசியா. ரப்பர் விக்கிறவங்க பின் பெஞ்சு. அதை வாங்கி டயர் செஞ்சு விக்கிறவங்க ஃபேனுக்குக் கீழ. உலகம் அப்படித்தாம்மா இருக்கு."

வகுப்பே அவருக்கு ஐ.நா. சபை, ஆளுக்கொரு நாடு. அறைக்கே ஒரு ஃபேன்தான். அதற்குக் கீழே நகைக்கடைக்காரர் மகன் அமெரிக்கா. சுற்றிலும் ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் காற்று உண்டு, எதையும் ஒற்றை ஆளாய்த் தடுக்கும் வீட்டோ கிடையாது. சாரின் நாற்காலியும் ஃபேனுக்குக் கீழேதான். அவர் எந்த நாடு என்று கடைசிவரை சொல்லவில்லை.

சன்னலைத் திறப்பதா, தேத்தண்ணி குடிக்கப் போவதா, எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு. அத்தனை கையும் உயரும். அமெரிக்கா சோம்பல் முறித்துக்கொண்டு "வீட்டோ லா" என்பான். முடிந்தது கதை.

ஒரு மத்தியானம் தகரக் கூரை கொதித்தது. பின் பெஞ்சில் எனக்கு ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. இடம் மாறி உட்காரலாமா என்று கேட்டேன். வீட்டோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரோரம் திரும்பினால், ஃபேன் சுவிச்சு என் தோளுக்குப் பக்கத்தில். பட்டென்று அணைத்தேன்.

"அலாமாக்! யாரது? போடும்மா!" என்று சார் துள்ளினார்.

"எழுபத்தி மூணுல அரபுக்காரங்க அமெரிக்காவுக்கு எண்ணெய நிறுத்தின மாதிரிதான் சார். இடம் மாறினாத்தான் போடுவேன்."

"இது சர்வதேசப் பாதுகாப்புக்கு மிரட்டல்!" அவர் கத்தியது டயர் கடை வரைக்கும் கேட்டது. நான் சுவிச்சை விடவில்லை. பத்தே நிமிடம். அமெரிக்காவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சரி லா, மாறிக்கலாம்" என்று அவன் எழுந்தான். மற்ற நாலு வல்லரசும் பின்னாலேயே எழுந்தன.

படையில்லாத நாடு பெரிய நாட்டைப் பணிய வைக்க முடியுமா என்று பரீட்சையில் ஒரு கேள்வி. சுவிச்சை நினைத்துக்கொண்டே நாலு பக்கம் எழுதினேன். பாஸ்! அப்பா ஃபேக்டரிப் பேச்சை விட்டார்.

சொல்லப் போனபோது சார் கொஞ்சமும் அசரவில்லை. "அஞ்சு வருசமா மலேசியாவ அந்த சுவிச்சுக்குப் பக்கத்துல உட்கார வைக்கிறேன். நீதாம்மா முதல்ல கை வச்ச."

பச்சைப் பொய். அன்றைக்கு மனுஷன் முகம் போன போக்கு எனக்குத் தெரியாதா? ஆனாலும் இன்றைக்கும் ஒரு புது அறைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் சுவிச்சைத்தான் தேடுகிறது. அவர் மட்டும் இப்போது வந்து நின்றால், ஃபேனுக்குக் கீழே நானே நாற்காலி இழுத்துப் போடுவேன்.